அவுட்பாக்ஸில் கிடந்த கடிதம்

கம்ப்யூட்டர் புதிதாகி அன்றோடு ஐந்து நாள்.

உண்மையில் கம்ப்யூட்டர் அதே பழையதுதான். உள்ளே ஓடும் சிஸ்டம் மட்டும்தான் மாறியிருந்தது. ஆனாலும் வீட்டில் "புதுசானதிலிருந்து" என்றுதான் பேச்சு, ஏதோ மருமகள் வந்ததிலிருந்து என்பதைப் போல.

போன வெள்ளிக்கிழமை திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. புது சிஸ்டத்துக்கு மாறச் சம்மதமா? அப்பா யோசிக்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டார். இரண்டு மணி நேரம் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடித்தபோது படம் அழகாக இருந்தது, எழுத்து பளிச்சென்று இருந்தது, மகளின் ஒன்பது வருஷத்து மெயில்களில் ஒன்றுகூட இல்லை.

"பயப்படாதே பாப்பா. எல்லாத்துக்கும் பேக்கப் வெச்சிருக்கேன்" என்று அன்றைக்கு மார்தட்டியவர், புதன்கிழமை காலையில் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார்.

முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் அவர். வயர் என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. மனைவி போன பிறகு, இந்த ஏழு வருஷமாக மகள் வீட்டில்தான் வாசம். மகளுக்கு எழுபது வயது அப்பாவைப் பார்த்துக்கொள்வதா, அவர் பிரித்துப் போட்ட சாமான்களைப் பார்த்துக்கொள்வதா என்பதுதான் தினப்படி கேள்வி.

"எது வரைக்கும் வந்திருக்குப்பா?" என்று மகள் கேட்டாள்.

"டிஸ்க்ல ஏழு பேக்கப் இருக்கு. புதுசுலேர்ந்து ஆரம்பிச்சேன். அஞ்சைப் போட்டுப் பார்த்தாச்சு. இந்த மெயில் சாஃப்ட்வேர் அதையெல்லாம் தெரியாதுன்னு சொல்லுது."

"தெரியாதுன்னா?"

"அடையாளம் தெரியலையாம். பெத்த பிள்ளையைப் பார்த்து யாருன்னு கேட்கிற மாதிரி."

மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அன்று சிரிக்க நேரமில்லை.

காது கேட்கிறதா என்று சோதித்து, கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் தொழில். டாக்டர் இல்லை; ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடம் வரும் குழந்தைகளில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், ரெட்டைச்சடை என்று செல்லப் பெயர். அவளுக்கு ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் அன்று பன்னிரண்டு மணிக்கு முடிவெடுக்கப் போகிறார்கள். ஒன்றரை வயதில் எடுத்த முதல் சோதனை அறிக்கை வேண்டும் என்றார் சர்ஜன். அதை எடுத்த இடம் மூடி வருஷக்கணக்காகிறது. அறிக்கையின் ஒரே பிரதி அவளுடைய மெயிலில் இருந்தது. அது இல்லையென்றால் அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்துத்தான்.

"பன்னெண்டு மணிக்குள்ள வேணும்பா."

"பார்க்கறேன்."

"அஞ்சு நாளா பார்க்கறீங்க." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க எதையும் தொடாம இருந்தாலே எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அப்பா காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வாசல் கதவைச் சாத்தியபோதே அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வழக்கம்போல, நேரமாகிவிட்டது என்று தனக்கே சாக்கு சொல்லிக்கொண்டு நடந்தாள்.

பத்து மணிக்கு முதல் ஆள் ஒரு தையல்காரர். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த அறை அது. கதவைச் சாத்தினால் வெளியே இடி இடித்தாலும் தெரியாது.

"சத்தம் கேட்டா அழுத்துங்க."

அவர் கேட்டபோதும் அழுத்தினார், கேட்காதபோதும் அழுத்தினார்.

"ஐயா, சத்தமே போடலை. எதுக்கு அழுத்தறீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான் டாக்டரம்மா. ஒண்ணு ரெண்டு மார்க் கூட வருமில்ல?"

அப்போதுதான் போன் அதிர்ந்தது. அப்பா.

"வந்துடுச்சு பாப்பா!" குரலில் ஐந்து நாளாக இல்லாத தெம்பு. "ஆறாவது பேக்கப். நாலு வருஷம் முந்தி எடுத்தது. அதை மட்டும் ஏத்துக்கிச்சு. ரெட்டைச்சடை ரிப்போர்ட் அதுல இருக்கு. உனக்கு அனுப்பிட்டேன், பாரு."

பார்த்தாள். இருந்தது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டாள். அடுத்த ஐந்தாவது நிமிஷம் சர்ஜனிடமிருந்து ஒரே வரி பதில்: 'கிடைத்தது. இது போதும்.'

"அப்பா, நீங்க பெரிய ஆளுப்பா" என்றாள் மனதார.

"அது இருக்கட்டும். இன்னொரு விஷயம் பாப்பா. நெட்டைச் சேர்த்ததும் ஒண்ணு..."

"உள்ள ஆள் இருக்காங்கப்பா. வீட்டுக்கு வந்து பேசறேன்."

வைத்துவிட்டாள். தையல்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு அண்ணன் கூப்பிட்டான்.

அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிற வேறு ஊர். போனில் நலம் விசாரித்தாலும் மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகளை நிற்க வைத்துப் பேசுகிற தொனிதான் வரும். அன்று குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தனியா இருக்கியா?"

தையல்காரர் போயிருந்தார். வரவேற்பு மேசைப் பெண்ணின் காதில் விழ வேண்டாம் என்று அவள் அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சொல்லுண்ணா."

"உன் மெயில் வந்துச்சு."

"என்ன மெயில்?"

"இன்னைக்குக் காலைல நீ அனுப்பினது. 'அப்பா விஷயம்'னு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நாலு தடவை படிச்சேன். ஒரு வரியை மட்டும் கேட்கறேன். நீ எழுதினதுதானான்னு சொல்லு. 'அம்மாவுக்குப் பதிலா அப்பா போயிருந்தா நம்ம எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்.' இது நீ எழுதினதா?"

அந்த அறையில் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். அவள் விழுங்கியது அவளுக்குக் கேட்டது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை அது. யாரோ ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்திருந்த கருவியை அவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வருவதற்குள் அப்பா அதைப் பிரித்துச் சேர்த்திருந்தார். அது ஊமையாகிவிட்டது. அன்று மத்தியானமே அதன் சொந்தக்காரர் கிளினிக்கில் ஒன்பது பேர் முன்னால் அவளை நிற்க வைத்துக் கேட்டார், "உங்க வீட்டுல பொம்மை இல்லையாம்மா, என் காதுதான் கிடைச்சுதா?"

அந்தச் சாயங்காலம் வந்ததும் வராததுமாக உட்கார்ந்து அண்ணனுக்கு எழுதினாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்று ஆரம்பித்தது. அவர் இருமுவது, மெல்லுவது, கதவைத் தட்டாமல் வருவது என்று வளர்ந்தது. எங்கேயோ ஓரிடத்தில் கை தானாக அந்த வரியை எழுதியது. அனுப்பு என்று அழுத்தினாள். அன்று பார்த்து நெட் இல்லை. கடிதம் நெட்டுக்காகக் காத்து அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் கோபம் வடிந்திருந்தது. நெட் வருவதற்கு முன்னாலேயே போய் அதை அழித்தாள். தப்பித்தோம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆனால் இரண்டுக்கும் நடுவில், அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே, நெட் இல்லாமல் பொழுது போகாத அப்பா உட்கார்ந்து பேக்கப் எடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் அழித்ததை டிஸ்க் அழிக்கவில்லை. இன்று காலை எல்லாவற்றையும் அவர் திரும்ப ஏற்றியபோது அவுட்பாக்ஸும் கூடவே ஏறியது. நெட் வந்ததும் நான்கு வருஷமாகக் காத்திருந்த கடிதம் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"அண்ணா, அது இப்ப எழுதினது இல்ல. நாலு வருஷம் முன்னாடி..."

"தேதி இன்னைக்குத்தான் போட்டிருக்கு."

"சத்தியமா பழசு. கோபத்துல எழுதினது. அனுப்பாம அழிச்சிட்டேன்."

"அழிச்சது எப்படி வந்துச்சு?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் போலக் கேட்டது.

அண்ணன் சொன்னான், "அப்படின்னா நாலு வருஷமா மனசுல இதை வெச்சுக்கிட்டு அவருக்குச் சோறு போட்டிருக்க."

"அப்படி இல்லண்ணா."

"நான் கிளம்பிட்டேன். உங்க அண்ணியும் வர்றா. அஞ்சு மணிக்குள்ள வந்துருவோம். அப்பாவோட துணிமணி எடுத்து வை."

போன் அடங்கிய பிறகும் அவள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். வரவேற்பு மேசைப் பெண் கண்ணாடியில் தட்டி, அடுத்த ஆள் வந்திருப்பதாகச் சைகை காட்டினாள். அவள் தலையை ஆட்டினாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பக்கத்தில் அவருடைய நோட்டு. எக்ஸ்சேஞ்ச் பழக்கம், எதைச் செய்தாலும் மணி போட்டு எழுதி வைப்பார். கடைசி வரிகள் அவள் கண்ணில் பட்டன. '10.41 நெட் இணைப்பு. 10.42 ஒரு கடிதம் தானாகப் போயிற்று. பெறுநர் மகன். கேபிளைப் பிடுங்கினேன். அதற்குள் போய்விட்டது. 10.44 மறுபடி இணைத்து ரிப்போர்ட் அனுப்பினேன்.'

"அதைத்தான் சொல்ல வந்தேன் பாப்பா" என்றார். "உன் லெட்டர் ஒண்ணு அவுட்பாக்ஸ்ல இருந்திருக்கு. நான் கவனிக்கலை. தப்பு என்னோடதுதான். ஏதாவது முக்கியமானதா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "படிச்சீங்களாப்பா?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு இது? ஊர்ல பாதிப் பேர் பேசினது என் கை வழியாத்தான் போயிருக்கு. ஒரு நாள், ஒரு லைன்ல நான் காது வெச்சதில்லை. உன் லெட்டரையா படிப்பேன்?"

படிக்கவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே கூசினாள்.

தப்பிக்க வழி இருக்கத்தான் இருந்தது. அண்ணனைத் தெரு முனையிலேயே மடக்கிக் காலில் விழலாம். அப்பாவிடம் ஏதோ பழைய கிளினிக் விஷயம் என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். இந்த ஐந்து நாளாகத் தன்மேல் மட்டுமே தப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறவர் இதையும் நம்புவார்.

அதுதான் அவளைக் கொன்றது.

"அப்பா, அது உங்களைப் பத்தின லெட்டர்."

"தெரியும். தலைப்புல 'அப்பா விஷயம்'னுதானே இருந்துச்சு."

"நல்லபடியா எழுதலை."

"நல்லபடியா எழுதறதா இருந்தா போன்லயே சொல்லியிருப்பியே."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எந்த நாள், எந்தக் கருவி, யார் முன்னால் என்ன அவமானம், எல்லாவற்றையும் சொன்னாள். அவருடைய இருமலைப் பற்றி எழுதியதைச் சொன்னாள். கடைசியில் அம்மாவைப் பற்றிய அந்த வரியையும் சொன்னாள். அதைத் தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"அண்ணன் படிச்சிட்டான். உங்களைக் கூட்டிட்டுப் போக வந்துட்டிருக்கான். அவன் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்..."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அந்த மிஷினை நான் சரியாத்தான் சேர்த்தேன்" என்றார் கடைசியில். "பேட்டரி செத்திருந்துச்சு. அதை யாரும் பார்க்கலை."

"அப்பா..."

"எனக்கு வருத்தமில்லைன்னு சொல்ல மாட்டேன் பாப்பா. அப்படிச் சொன்னா அது பொய்." எழுந்தார். "கொஞ்ச நேரம் என்னை விடு."

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அவள் அந்தக் கதவைத் தொடவில்லை. வெளியே நின்றபடி, உள்ளே அலமாரி திறப்பதையும் பெட்டி இழுபடுவதையும் கேட்டாள். ஒரு தடவை இருமல் வந்தது. பாதியிலேயே, வாயைப் பொத்திக்கொண்டது போல அடங்கியது. அதற்குப் பதில் அவர் தன்னை அடித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்து நின்றது.

அண்ணன் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் உள்ளே வந்தான். தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணி பின்னால் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அப்பா அறையிலிருந்து வந்தார். தேய்த்த சட்டை. முகம் கழுவியிருந்தார்.

"வாங்கப்பா, போகலாம்" என்றான் அண்ணன். குரல் உடைந்தது. "இனிமே ஒரு நாள்கூட இங்க இருக்க வேண்டாம். நான் இருக்கேன்."

"உட்காரு."

"உட்கார நேரமில்லப்பா."

"உட்காருன்னேன்."

எண்ணூறு பிள்ளைகளை உட்கார வைக்கிறவன் உட்கார்ந்தான்.

அப்பா கையில் ஒரு தாள் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்தது. "காலைல வந்த பேக்கப்ல பாப்பாவோட மெயில் மட்டும் இல்லை. என்னோடதும் வந்துச்சு. மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். என் மெயில்தானே, பார்க்கலாம்னு." தாளை மகனிடம் நீட்டினார். "இதைப் படி. நீ படிக்கலாம், உனக்கு எழுதினதுதான்."

அண்ணன் வாங்கிப் படித்தான். நான்கைந்து வரிதான் இருக்கும். படிக்கப் படிக்க அவன் முகத்தில் இருந்த வேகம் இறங்கியது.

"என்னண்ணா அது?" என்றாள் மகள்.

அப்பாவே சொன்னார். "இங்க நான் பாரமா இருக்கேன்னு தோணுது, உங்கூட வந்து இருக்கட்டுமான்னு கேட்டிருந்தேன். பாப்பா அந்த லெட்டரை எழுதினது சனிக்கிழமை. இது அதுக்கு முந்தின திங்கட்கிழமை."

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் போகக் கேட்டிருக்கிறார். அவள் வெறுத்து எழுதுவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே, அவள் வாய் திறந்து சொல்லாததைத் தானே புரிந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா!"

"பதில் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வரலை. மறுபடி கேட்கக் கூச்சமா இருந்துச்சு. பெத்த பிள்ளைகிட்ட ரெண்டாவது தடவை எப்படிக் கேட்கிறது?"

"எனக்கு வரலைப்பா!" அண்ணன் எழுந்தேவிட்டான். "சத்தியமா நான் இதைப் பார்க்கவே இல்லை. இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"வந்துச்சுடா. எதை அனுப்பினாலும், படிச்சா எனக்குத் தகவல் வர்ற மாதிரி வெச்சுத்தான் அனுப்புவேன். பழைய புத்தி. அதுவும் கீழே இருக்கு, பாரு. மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை பத்து பதினேழுக்குத் திறந்திருக்காங்க."

அண்ணன் தாளின் அடியைப் பார்த்தான். உதடு அசைய அந்த நேரத்தை மெல்லப் படித்தான்.

"பத்து பதினேழா? நான் அப்ப ஸ்கூல்லப்பா. அங்க அந்தச் சமயம் நெட்டே கிடையாது. மெயில் பார்க்கறதெல்லாம் வீட்டுல. அந்த நேரத்துல வீட்டுல இருக்கிறது..."

நிறுத்திவிட்டான். திரும்பி யாரையும் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள்தான் முதலில் கவனித்தாள். அண்ணியின் விரல்கள் கைப்பையின் ஜிப்பை ஒரு விரற்கடை திறந்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தன. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். காலையிலிருந்து தன் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. அதனாலேயே அவளால் அதை மேலும் பார்க்க முடியவில்லை.

அண்ணி சட்டென்று எழுந்தாள்.

"மாமா, குடிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமா?"

யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மூவரும் அப்படியே இருந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.